வலது கால் மட்டும்

கண்டியிலிருந்து வந்த சஃப்னாவுக்கு
என் பெயரைவிட என் கால்கள்தான் முக்கியம்.
வயது முப்பத்தாறு. நோயில்லை.
எலும்பு முறிந்ததில்லை. கர்ப்பமில்லை.
நான்கு கட்டத்திலும் சரி போட்டாள்.
ஐந்தாவதில் எழுதினாள்:
பிள்ளைமடுவத்து ஆயா, உட்கார்ந்தே வேலை.
ஒருநாள் வந்து அவள்
உட்கார்ந்து காட்டட்டும் பார்ப்போம்.

"வலது காலில் மட்டும் குதிக்கணும்,
ஒரு நாளைக்கு அம்பது தடவை.
பத்துப் பத்தா, நடுவுல மூச்சு வாங்கிக்கங்க.
இடது கால் சும்மா இருக்கட்டும்.
அதுதான் நமக்குச் சாட்சி."

சாட்சியைக் கூட்டிக்கொண்டு
நோர்வூட் ஏற்றத்தில் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள், பால்மா கரைத்துக் கொடுத்த பிறகு,
பதினாலு பிள்ளைகளுக்கு முன்னால்
சீமெந்துத் தரையில்
கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கினேன்.
பிரணவன் எண்ணினான்:
ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, ஏழு, பத்து.
அவன் கணக்கை நம்பியிருந்தால்
ஆராய்ச்சி அந்த வாரமே முடிந்திருக்கும்.

ஆணியில் தொங்கிய அலுமினியக் கோப்பைகள்
ஒவ்வொரு குதிக்கும் பதில் சொல்லப் பழகின.
பிள்ளைகளும் குதித்தார்கள், இரண்டு காலிலும்,
சில நேரம் நான்கிலும்.
அவர்களில் யாரும் யாருக்கும் சாட்சி இல்லை.

கொழுந்து நிறுத்துவிட்டு
மகளைத் தூக்க வந்த ரெஜினாமேரி
படங்கில் ஈரம் சொட்ட
வாசலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை.
"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு கேளு யோகம்.
பதினேழு வருசமா இந்த மலையில
சுமந்து எறங்குறேன்.
என் எலும்பு இந்நேரம்
தண்டவாளமா ஆகியிருக்கணுமே?"

கேட்டேன்.
சஃப்னா பேனாவை மூடினாள்.
"எலும்புக்கு ஒரு குணம் இருக்கு.
பழகிப்போன சுமையை அது காதுல வாங்காது.
நாளெல்லாம் ஒரே மாதிரி அழுத்தினா
சரி சரின்னு இருந்துடும்.
சட்டுனு ஒரு தட்டு, பிறகு ஓய்வு, மறுபடி தட்டு,
அப்பதான் யாரோ வந்திருக்காங்கன்னு
எழுந்து வந்து கதவைத் திறக்கும்.
அதுவும் தின்னக் கொடுத்தாத்தான்."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"இதெல்லாம் இன்னும் முழுசா தெரியாது அக்கா.
தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் குதிக்கச் சொல்றேன்?"

இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?
நீ சுமந்ததை உன் எலும்பே
கவனிக்கவில்லை என்றா?

"ஓய்வு வேணுமாம்," என்றேன்.
"யாருக்கு?"
"எலும்புக்கு."
"அதுக்காச்சும் தெரிஞ்சிருக்கே,"
என்று மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.

ஆறு மாதம்.
கண்டியில் ஒரு குளிர் அறை.
என்மேல் மெதுவாக நகர்ந்து போனது
உறுமத் தெரியாத ஓர் இயந்திரம்.
திரையில் என் இரண்டு இடுப்பும்
பனிக்குள் நிற்கும் இரண்டு மலை.
வலதில் ஒரு துளி வெள்ளை கூடியிருக்கலாம்,
எல்லாப் பெண்களுடையதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான்
சொல்ல முடியும் என்றாள்.
எனக்கு அந்தத் துளி தெரியவில்லை.
தெரிந்தது இடதுதான்.
சொன்ன இடத்தில் சொன்னபடி
ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை.
கினிகத்தேனை வளைவுகளில்
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
என்னை நானே மாற்றி மாற்றிக் கொடுத்தபடி வந்தேன்.

மறுநாள் இடது காலில் குதித்தேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
நாலாவதில் தடுமாறிச் சுவரைப் பிடித்தேன்.
ஆறு மாதம் சும்மா நின்றது
ஆறு மாதக் கோபத்தையும்
ஒரேயடியாகத் தரையில் இறக்கியது.

அன்று மழை. மலையிலிருந்து
நேரத்தோடு விட்டுவிட்டார்கள்.
ரெஜினாமேரி கூடையை வாசலில் இறக்கினாள்.
படங்கை அவிழ்த்து அதன்மேல் போட்டாள்.
சேற்றுக் காலைத் துடைக்காமலே
உள்ளே வந்து
எந்தக் கால் என்று கேட்காமல்
குதித்தாள்.

பதினாலு கோப்பையும் அதிர்ந்தன.

"ஏழு," என்றான் பிரணவன்.